ராணுவ டாங்கியில் பாட்டு போட்ட ஐந்து பேர்

சென்ற இதழில் ஒரு வாசகர், வெளிநாட்டு ராக் குழுக்களில் ஒலிப்பதிவுக்காகவே கேட்க வேண்டியது எது என்று கேட்டிருந்தார். வேல்ஸ் நாட்டின் சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்த பிறகு, இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சினிமாப் பாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்தால் குழந்தைகளுக்குப் பாடும் குழு மாதிரி இருக்கிறது. யாருங்க இவங்க? கோபியில் மைக்செட் கடை நடத்திய உங்களுக்கு இவர்கள் எப்படிப் பழக்கம்?
*எலக்ட்ரீஷியன், பெருந்துறை*

பழக்கம் திருப்பூர் வழியாக வந்தது. என் தங்கை மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, பனியன் ஏற்றுமதியில் இருக்கிறான். பிரிட்டனுக்கு ஆர்டர் பேசப் போனவன் சில சிடிக்களோடு வந்து, “மாமா, இதை உங்க ஆம்ப்ளிஃபயர்ல போட்டுப் பாருங்க” என்று கொடுத்தான். அதில் ‘ரேடியேட்டர்’ என்ற ஆல்பம் இருந்தது. அப்போது பிடித்த பித்து.

1993இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃப்பில் சேர்ந்த ஐந்து பேர் இவர்கள். பாடுவதும் கிட்டாரும் க்ரிஃப் ரீஸ். இன்னொரு கிட்டார் ஹூ பன்ஃபர்ட். பேஸ் கிட்டார் கிட்டோ ப்ரைஸ். கீபோர்டும் மின்னணு ஒலிகளும் கீயன் கியாரன். டிரம்ஸ் டாவித் யெயன். கடைசி இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஆரம்பத்தில் டெக்னோ வாசித்தார்கள், அதாவது முழுக்க மெஷின் தாளம். பின்னால் சினிமாவில் பெயர் வாங்கிய ரீஸ் இவான்ஸ் கொஞ்ச காலம் இவர்களோடு பாடினார்.

வேல்ஸ் பிரிட்டனின் மேற்கு ஓரம். மலை, மழை, செம்மறி ஆடு, பழைய நிலக்கரிச் சுரங்கம். க்ரிஃப் ரீஸ் வளர்ந்த பெத்தெஸ்டா, பலகைக்கல் வெட்டும் பெரிய குவாரியை நம்பி உருவான ஊர். 1900 முதல் 1903 வரை அங்கே நடந்த வேலைநிறுத்தத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர்களுக்கென்று தனி மொழி உண்டு, வேல்ஷ். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸுக்குள் அதைப் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 17.8 சதவீதம். நம்ம ஈரோடு மாவட்டத்து ஜனத்தொகையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு சின்னக் கூட்டத்திலிருந்து கிளம்பி ஒன்பது ஆல்பம் போட்டு, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் செய்தார்கள். அதே ஐந்து பேர், ஒருவர்கூட மாறவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆள் மாறும் பேண்டு செட்டுகளைப் பார்த்த எனக்கு இந்த ஒன்றுக்காகவே அவர்கள் மேல் பெரிய மரியாதை.

ராணுவ டாங்கியை விலைக்கு வாங்கி அதில் ஸ்பீக்கர் கட்டினார்கள் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா?
*பொறியியல் மாணவர், கோவை*

தாராளமாக நம்பலாம் தம்பி. 1996இல் நடந்தது. லண்டனில் க்ரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி அப்போது ஒயாசிஸ் குழுவால் கொழித்துக்கொண்டிருந்தது. அதன் முதலாளி ஆலன் மெக்கீ இவர்களையும் ஒப்பந்தம் செய்தார். முதன்முதலில் கச்சேரி கேட்டபோது, “பிரமாதம், ஆனால் இனிமேல் ஆங்கிலத்தில் பாட முடியுமா?” என்று அவர் கேட்டாராம். அன்றைக்கு அவர்கள் பாடியதே ஆங்கிலத்தில்தான். வேல்ஷ் உச்சரிப்பு அவ்வளவு கனம்.

அந்த ஆண்டு மே மாதம் முதல் ஆல்பம் ‘ஃபஸி லாஜிக்’ வந்து பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 23ஆம் இடம் பிடித்தது. அடுத்து விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டிய பணம் இருக்கிறது. பத்திரிகையில் முழுப்பக்கம் போடலாம், சுவரொட்டி ஒட்டலாம். இவர்கள் கம்பெனிப் பணத்தில் ஒரு டாங்கி வாங்கச் சொன்னார்கள். பளிச்சென்று நீலப் பெயின்ட் அடித்து, உள்ளே சவுண்ட் சிஸ்டம் ஏற்றி, இசை விழாக்களுக்கு ஓட்டிப்போய் டெக்னோ போட்டார்கள். வேல்ஸின் தேசிய ஐஸ்டெத்வாட் திருவிழாவுக்கும் அது போனது.

அந்த டாங்கியின் மேல் வேல்ஷ் மொழியில் எழுதியிருந்த வாசகம்தான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஐஸ்டெத்வாட் என்பது கவிதையும் இசையும் போட்டி நடக்கும் பழைய விழா. வென்ற கவிஞருக்கு மரியாதை செய்யும்போது தலைமைப் பெரியவர் ஒரு நீண்ட வாளைப் பாதி உருவி, “சமாதானம் உண்டா?” என்று மூன்று முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமும் “சமாதானம்” என்று குரல் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் வாள் உறைக்குள் போகும். அந்தக் கேள்வியைத்தான் டாங்கி மேல் எழுதினார்கள். போர் வண்டியில், ஊர் அறிந்த சடங்கின் கேள்வி. கவிஞரை நாற்காலியில் உட்கார வைக்கும் திருவிழாவில் வளர்ந்த பையன்களுக்குத்தான் அது தோன்றும்.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். கோயில் நோம்பிக்கு மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் குறைந்த வாட்டிலேயே நாலு ஊருக்குக் கேட்கும், ஆனால் அதில் அடிச்சத்தம் வராது. டெக்னோவுக்கு அடிச்சத்தம்தான் உயிர். அதற்குப் பெரிய பெட்டி வேண்டும், கறண்டு பல மடங்கு வேண்டும், பெட்டி ஆடாமல் நிற்க வேண்டும். மாட்டு வண்டியிலும் டெம்போவிலும் பெட்டி கட்டி, மேட்டில் ஏறும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். டன் கணக்கில் எடையுள்ள இரும்பு வண்டி அந்த வேலைக்கு நிஜமாகவே நல்ல மேடை.

பரிசோதனை இசை என்று சொல்லிக்கொண்டு காதைக் குடைகிறார்கள். இதில் அப்படி என்ன பரிசோதனை?
*பள்ளி ஆசிரியை, தாராபுரம்*

டீச்சர், உங்கள் கோபம் நியாயமானதுதான். கிட்டாரை உதைத்துவிட்டுப் பரிசோதனை என்கிறவர்கள் நிறைய. இவர்கள் அந்த ரகம் அல்ல. இவர்களுடைய மெட்டுகள் எல்லாமே முணுமுணுக்கக்கூடியவை. முதலில் நல்ல பாட்டு ஒன்று இருக்கும். அப்புறம் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பரிசோதனை.

‘ரேடியேட்டர்’ 1997 ஆகஸ்டில் வந்தது. அதன் கடைசிப் பாட்டு மலைவாசிகளைப் பற்றியது. சாதாரண கிட்டாரோடு, திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல ஆரம்பிக்கிறது. போகப்போக மெஷின் தாளம் உள்ளே புகுந்து, முடியும்போது மொத்தமும் டெக்னோவாகி இரைகிறது. கேட்பவருக்கு ஒரு மலைக்கிராமமும் ஒரு நகரத்து ராத்திரியும் ஒரே பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. அதே ஆல்பத்தில் ஐன்ஸ்டைனின் அப்பா அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, ஹெர்மன், பாலின் என்ற பெயர்களோடே.

1999இல் ‘கொரில்லா’. அதில் கைபேசி மணிச்சத்தத்தை வைத்தே ஒரு பாட்டு. இன்னொன்றில் கரீபியன் தீவுகளின் இரும்புப் பீப்பாய் மேளத்தைச் சேர்த்தார்கள், அது தனிப்பாட்டாக, அதாவது சிங்கிளாக வந்து, 11ஆம் இடம் வரை போனது. 1996 டிசம்பரில் வந்த ஒரு தனிப்பாட்டு, ஸ்டீலி டான் என்ற அமெரிக்கக் குழுவின் ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் கட்டியது. அந்த வரியில் ஒரு கெட்ட வார்த்தை, பாட்டில் அது ஐம்பது தடவைக்கு மேல் வரும். வானொலியில் போட வழியே இல்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவன் உன்னைப் பற்றி ஒரு பொட்டும் கவலைப்படுவதில்லை என்பதுதான் பாட்டின் பொருள். அந்தக் கோபம் உண்மையானது. பள்ளிக்கூடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

2001இல் ‘ரிங்ஸ் அரவுண்ட் தி வேர்ல்ட்’ ஆல்பத்தில் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி வந்தார். பாடவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. கேரட்டும் செலரித் தண்டும் மென்றார். 1960களில் பீச் பாய்ஸ் பாட்டு ஒன்றுக்கு அவர் காய்கறி மென்றதாக ஒரு பழைய கதை உண்டு, அதற்கான மரியாதை இது. அந்த மெல்லும் சத்தம் பாட்டில் தாளமாகவே உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்தில் ஜமாப் அடிக்கும் பையன்கள் அடிக்கு நடுவே குச்சியை மேளத்தின் விளிம்பில் தட்டி ஒரு சத்தம் எடுப்பார்களே, அந்தக் காதுதான் இதற்கும் தேவை.

நாங்கள் நாலு பேர் கல்லூரியில் ராக் குழு வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பாடினால்தான் பெங்களூரில் மேடை கிடைக்கும் என்கிறார்கள். தமிழில் பாடினால் சினிமாப் பாட்டு இல்லையா என்று கேட்கிறார்கள். உங்கள் வேல்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்?
*மாணவி, பீளமேடு*

அம்மிணி, இந்த இதழில் மற்ற கேள்விகளுக்கு இடம் குறைந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு முழுசாகப் பதில் சொல்கிறேன்.

இவர்கள் முதலில் பாடியது வேல்ஷ் மொழியில். க்ரிஃப் ரீஸும் டாவித் யெயனும் இதற்கு முன்பு நடத்திய ‘ஃபா கோஃபி பாப்’ முழுக்க வேல்ஷ் குழு. 1995இல் ஆங்க்ஸ்ட் என்ற சின்ன வேல்ஷ் கம்பெனியில் சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸின் முதல் இசைத்தட்டு வந்தபோது, வேல்ஸிலேயே மிக நீளமான பெயருள்ள ஊரின் பெயரை எடுத்து, அதன் வாலில் இன்னும் கொஞ்சம் ஒட்டவைத்துத் தலைப்பாக்கினார்கள். அப்புறம் லண்டன் கம்பெனி, ஆங்கில ஆல்பங்கள், தொலைக்காட்சி எல்லாம் வந்தன.

அந்த நேரத்தில் வேல்ஸுக்குள்ளேயே ஒரு பகுதியினர் இவர்களைத் திட்டினார்கள். மொழியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று மேடையிலும் பத்திரிகையிலும் பேசினார்கள். பேசப்படுவது குறைந்துகொண்டே வந்த மொழி, அவர்களுடைய பயத்தையும் குறை சொல்ல முடியாது. அந்த ஐந்து பேர் பதில் அறிக்கை எதுவும் விடவில்லை. கையில் வேல்ஷ் பாட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவை போதுமான அளவு சேர்ந்ததும் பதிவு செய்தார்கள். 2000 மே மாதம் ‘மூங்’ வந்தது. முழுக்க வேல்ஷ்.

அதை எப்படிச் செய்தார்கள் என்று கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆல்பம் பெரிய ஸ்டூடியோவில், எல்லா வசதியோடும் செய்தது. ‘மூங்’கின் பெரும்பகுதியை ஆங்கிள்சி தீவில், பழைய நண்பர் கோர்வெல் ஓவனின் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். செலவு சுமார் 6,000 பவுண்டு என்று சொல்வார்கள். ராக் உலகில் அது டீச்செலவு. க்ரியேஷன் கம்பெனி அப்போது மூடும் நிலையில் இருந்தது, ஆகவே ‘ப்ளாசிட் காஷுவல்’ என்ற தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் பட்டியலில் 11ஆம் இடம். வேல்ஷ் மொழி ஆல்பம் ஒன்று முதல் 20க்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எல்வின் லூயிட் என்ற வேல்ஸ் எம்.பி. லண்டன் பாராளுமன்றத்தில் அந்த ஆல்பத்தைப் பாராட்டித் தீர்மானமே கொண்டுவந்தார்.

இவ்வளவும் நடந்த அந்த ஆல்பத்தில் மொழி வாழ்க என்று ஒரு வரி கிடையாது. திட்டு வாங்கி ஓரத்தில் நிற்கிறவனின் மனசைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அவர்களை ஒதுக்கியவர்களுக்கு அவர்கள் கொடுத்த ஒரே பதில் அதுதான், கேட்க அத்தனை இனிமையாக இருக்கும். ‘சார்ன் ஹெலன்’ என்ற பாட்டு, வேல்ஸை வடக்கு தெற்காகக் கடக்கும் பழைய ரோமானியச் சாலையைப் பற்றியது. தேய்ந்துபோன ஒரு கல் சாலையை வைத்து ராக் பாட்டு. இன்னொன்று, ‘டட்ப்லகி’ என்ற மூத்த வேல்ஷ் குழுவின் பாட்டை எடுத்துத் திரும்பப் பாடியது. பிழைப்புக்குச் சிரமப்பட்ட முன்னோடியைப் பெரிய மேடையில் ஏற்றி நிறுத்தியது.

உங்கள் குழு அனுப்பிய இரண்டு பாட்டையும் ஹெட்போனில் பலமுறை கேட்டேன். ஆங்கிலப் பாட்டில் கிட்டார் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாடுகிற பொண்ணு அமெரிக்காவில் பிறந்தவள் மாதிரி பாடப் பாடுபடுகிறாள். சொல் ஒவ்வொன்றிலும் அந்தச் சிரமம் கேட்கிறது. இரண்டாவது பாட்டில் நடுவே வரி இல்லாமல் வெறும் ஹம்மிங் வருகிற இடம் இருக்கிறதே, அங்கே பின்னால் வரும் கைத்தட்டு அப்படியே வள்ளி கும்மி அடி. யார் யோசனை அது? அந்த முப்பது விநாடியில்தான் நீங்கள் யாரென்று எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு முழுப்பாட்டு செய்யுங்கள்.

ஆங்கிலத்தில் பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வருகிற பாட்டை ஆங்கிலத்தில் பாடுங்கள், உங்கள் நாக்கு எப்படித் திரும்புகிறதோ அப்படியே. தமிழில் வருவதைத் தமிழில், கோயமுத்தூர்ப் பேச்சோடே பாடுங்கள். விஷயத்துக்குப் பஞ்சமா? அவர்களுக்கு ஒரு ரோமானியச் சாலை என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ராஜகேசரிப் பெருவழி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த பழைய பாதை, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் கல்வெட்டே இருக்கிறது. ரோமானியக் காசுகள் நம்ம மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் மணிக்கல் அறுத்துக் கடல் கடந்து விற்றவர்களின் ஊர் மண்ணுக்கடியில் இருக்கிறது. இதை வைத்து யாரும் இன்னும் ஒரு நல்ல ராக் பாட்டு போடவில்லை. நீங்கள் போட்டால் முதல் ஆளாக நான் கேட்பேன், மிக்சிங் வேலைக்குக் கூப்பிட்டாலும் வருவேன்.

கம்பெனி மூடிவிட்டால் கலைஞர்கள் என்ன ஆவார்கள்? வியாபாரக் கணக்கில் இவர்கள் ஜெயித்தார்களா?
*பின்னலாடைத் தொழில், திருப்பூர்*

பெரிய பணக்காரர் ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். நஷ்டப்பட்டு ஒழியவும் இல்லை. க்ரியேஷன் போனதும் சோனியின் எபிக் லேபிளுக்குப் போனார்கள். ‘மூங்’கை வீட்டுச் செலவில் முடித்தவர்கள், அடுத்த வருஷமே சோனியின் பணத்தில் பெரிய திட்டம் போட்டார்கள். ‘ரிங்ஸ் அரவுண்ட் தி வேர்ல்ட்’ சிடியாகவும் டிவிடியாகவும் ஒரே நேரத்தில் வெளிவந்த முதல் ஆல்பம். 5.1 சரவுண்ட் ஒலி, பாட்டுக்கு ஒரு படம். பட்டியலில் 3ஆம் இடம், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரை ஆனது. மாப்பிள்ளை வீட்டு ஹோம் தியேட்டரில் அதைக் கேட்டேன். பின்னால் இருந்து ஒரு குரல் கிளம்பி, தலைக்கு மேல் சுற்றி, எதிரே போய் நிற்கும். ஒவ்வொரு ஒலியையும் எங்கே வைப்பது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பெரிய பணம் கிடைத்தால் அதை எதில் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2003இல் ‘ஃபாண்டம் பவர்’ 4ஆம் இடம். 2005இல் ‘லவ் கிராஃப்ட்’, ஸ்பெயினில் பதிவு, பிரேசிலில் மிக்சிங், விற்பனை குறைந்தது. 2007இல் ரஃப் ட்ரேட் என்ற சிறிய கம்பெனிக்கு மாறினார்கள். 2009 ஆல்பத்தை முதலில் தங்கள் இணையதளத்திலேயே விற்றார்கள்.

வேண்டாம் என்று அவர்கள் விட்ட பணமும் உண்டு. ‘ஹலோ சன்ஷைன்’ பாட்டைக் கோகோ கோலா விளம்பரத்துக்குக் கேட்டு மிகப் பெரிய தொகை பேசினார்கள். கொலம்பியாவில் தொழிற்சங்கத்தினர் நடத்தப்பட்ட விதம் பற்றி அந்தக் கம்பெனி மேல் எழுந்திருந்த புகார்களைக் காரணம் காட்டி இவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆர்டரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று திருப்பூர்க்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேல்ஸில் இவர்களைப் போல வேறு யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
*வங்கி ஊழியர், கரூர்*

முதலில் ஜான் கேல். கார்மார்தன்ஷயர் மாவட்டத்துச் சுரங்கக் கிராமத்தில் பிறந்து, ஏழு வயது வரை வேல்ஷ் மட்டுமே பேசி வளர்ந்தவர். நியூயார்க் போய் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் வயோலா வாசித்து ராக் இசையையே திருப்பிப்போட்டார். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸின் 2001 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குப் பியானோ அவர்தான்.

அடுத்து டட்ப்லகி. 1982இல் கார்டிகன் ஊரில் டேவிட் ஆர். எட்வர்ட்ஸ் தொடங்கியது. மலிவான மெஷின் தாளம், அதன் மேல் சாட்டை மாதிரி வேல்ஷ் கவிதை. பிபிசியின் ஜான் பீல் தன் நிகழ்ச்சியில் அவர்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். எட்வர்ட்ஸ் 2021இல் காலமானார்.

மூன்றாவது கோர்க்கீஸ் ஸைகோட்டிக் மங்கி. பள்ளிக்கூடப் பையன்களாகத் தொடங்கி, இரண்டு மொழியையும் ஒரே ஆல்பத்தில் கலந்து பாடியவர்கள். தனிப்பாட்டுகளில் எட்டு பட்டியலின் 75க்குள் வந்தன, ஒன்றுகூட 40ஐத் தொடவில்லை. 2006இல் கலைந்தார்கள். 1997இல் வந்த ‘பாராஃபண்டில்’ ஒன்றையாவது கேளுங்கள்.

என் மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மியூசிக் பேண்ட் ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் பெரியவராக ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்.
*ஒரு தாய், பொள்ளாச்சி*

அம்மா, உங்கள் கடிதத்தில் சோறு தண்ணி இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சாப்பிடுங்கள்.

மகனுக்கு: தம்பி, இந்தப் பகுதியை நீ படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இந்த ஐந்து பேர் 1993இல் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. க்ரிஃப் ரீஸும் டாவிதும் 1980களிலிருந்தே பல வருஷம் வேறு குழுவில் வாசித்துப் பழகியவர்கள். டாவித் கட்டடோனியா குழுவிலும் ஆரம்ப காலத்தில் டிரம்ஸ் வாசித்தவர். லண்டன் கம்பெனி வந்து கதவைத் தட்டியபோது அவர்கள் கையில் பாட்டு இருந்தது, மேடைப் பழக்கம் இருந்தது. உன்னிடம் எத்தனை பாட்டு இருக்கிறது? அம்மாவிடம் சண்டை போடும் நேரத்தில் அதை உட்கார்ந்து எழுது. ஓர் ஆல்பத்துக்குத் தேவையான பாட்டு சேரும் வரை சம்பளத்தை விடாதே. அந்தச் சம்பளத்தில் நல்ல மைக் ஒன்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் வாங்கு. வீட்டு அறையிலேயே பதிவு செய்ய முடியும்.

அம்மாவுக்கு: அவன் வாசிப்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். திட்டுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். இசையில் போனவன் உருப்படமாட்டான் என்பது நம்ம பக்கம் ரொம்ப நாளாகச் சொல்லி வருவது. உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவரை விடிய விடியப் பாடச்சொல்லிக் கேட்ட அதே ஊர்கள்தான், அவர் மகன் உடுக்கையைத் தொடக் கூடாது என்றும் நினைத்தன. அதனால் நாம் இழந்த பாட்டுகள் ஏராளம். எனக்கு அதில் தீராத வருத்தம் இருக்கிறது.

இப்போது அவர்கள் பிரிந்துவிட்டார்களா?
*மாணவர், நாமக்கல்*

சண்டை போட்டுப் பிரியவில்லை. 2009க்குப் பிறகு புது ஆல்பம் இல்லை. 2015இல் ‘மூங்’ மறுபடி வெளிவந்தபோது சேர்ந்து மேடையேறினார்கள். 2016இல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு வேல்ஸ் அணி போனபோது ‘பிங் பாங்’ என்று ஒரு பாட்டு விட்டார்கள். அந்த அணி அரையிறுதி வரை போனது.

க்ரிஃப் ரீஸ் தனியாகச் செய்ததில் 2014இன் ‘அமெரிக்கன் இன்டீரியர்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் வேல்ஷ் பேசும் செவ்விந்தியர்கள் இருக்கிறார்கள் என்ற கதையை நம்பி 1792இல் கப்பலேறிய ஜான் எவான்ஸ் என்ற இளைஞன், மிசௌரி நதி வழியே தேடிக்கொண்டே போனான். அப்படி ஒரு கூட்டம் அங்கே இல்லை. ஆனால் அவன் போட்ட வரைபடம் பின்னால் வந்தவர்களுக்கு உதவியது. அவன் போன பாதையிலேயே க்ரிஃப் ரீஸ் பயணம் செய்து பாட்டு, படம், புத்தகம் மூன்றும் கொண்டுவந்தார். மற்ற நாலு பேர் ‘தாஸ் கூலீஸ்’ என்ற பெயரில் மின்னணு இசைக்குத் திரும்பி, 2023இல் ஆல்பம் போட்டார்கள்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
*பால் பண்ணை நடத்துபவர், சத்தியமங்கலம்*

‘ரேடியேட்டர்’. முழுசாக, பாட்டு வரிசையை மாற்றாமல் கேளுங்கள். பிடித்தால் ‘மூங்’, அதன் பிறகு ‘ரிங்ஸ் அரவுண்ட் தி வேர்ல்ட்’. ‘ஃபஸி லாஜிக்’கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஆல்பம்தான், ஆனால் மற்றவை அளவுக்கு ஆழம் இல்லை.

கைபேசி ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்க வேண்டாம், கிட்டோ ப்ரைஸின் பேஸ் கிட்டார் மொத்தமும் காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். பால் கறக்கும் நேரத்தில் கொட்டகையில் பாட்டு போடும் பழக்கம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ‘மூங்’ போடலாம், மாடு மிரளாது. ‘கொரில்லா’ மட்டும் வேண்டாம்.